ஒரு மழையா, இரண்டு மழையா

நெடுவரம்பில் சுயம்புவைச் சுயம்பு என்று கூப்பிட ஆள் குறைவு. குளம்முறிச்சான் என்றால்தான் தெரியும். பலசரக்குக் கடைக்காரன் அப்படிச் சொல்வான். அவனுடைய சின்ன மகளும் அப்படியே சொல்வாள், அது வசவு என்று தெரியாமல். சுயம்பு திரும்பிப் பார்ப்பார். பார்க்காவிட்டால் அடுத்த முறை இன்னும் சத்தமாகக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இரணியலுக்குக் கிழக்கே, மலையடியிலிருந்து வரும் ஓடைகள் விழுகிற குளம் நெடுவரம்புக்குளம். அதன் கீழே கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம் விளையும் வயல்கள். சுயம்பு அந்தக் குளத்துக் காவல்காரர். கரையின் வடக்கு ஓரத்தில் மறுகால் இருந்தது. குளம் நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் வழிந்துபோக, தாழ்வாகக் கட்டிய கல்வாசல். தண்ணீரைத் தேக்குவதற்கு அதில் பலகைகளைச் சொருகி வைத்திருப்பார்கள். பெருமழை வந்தால் காவல்காரர் அவற்றை உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் தண்ணீர் கரைக்கு மேல் ஏறி, கரையையே அறுத்துக்கொண்டு போய்விடும்.

1952 ஐப்பசியில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை விடிகிற நேரம். நட்டு வேர்பிடித்த நாற்று முழுவதும் மணலுக்கு அடியில் போயிற்று. சனிக்கிழமையே பலகைகள் எல்லாவற்றையும் உருவிக் கரைமேல் அடுக்கிவிட்டதாகச் சுயம்பு சொன்னார். அடுக்கிய இடத்தைக் காட்டச் சொன்னார்கள். அவர் கையை நீட்டிய இடத்தில் கரை இல்லை.

விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். விசாரணை தொடங்கவே மூன்று வருடம் ஆயிற்று. உடைப்பை மண்போட்டு அடைத்தார்கள். வேறு காவலாள் வந்தான். உள்ளூரில் யாரும் வேலைக்குக் கூப்பிடாததால் சுயம்பு மார்த்தாண்டம் சந்தையில் வாழைக்குலை சுமந்தார். திங்கட்கிழமை போவார், சனிக்கிழமை வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யாவழிப் பதிக்குக் கும்பிடப் போய்விட்டு, குளத்தங்கரை வழியாக வராமல் வயல்களைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தச் சுற்றைப் பார்த்துத்தான் எனக்கு அவரை முதலில் அடையாளம் தெரிந்தது.

நான் மராமத்து ஓவர்சியர் குமாரதாஸின் ஆபீசில் நகல் எழுத வந்தவன். குமாரதாஸ் கெட்டவர் அல்ல. என் மேசைமேல் கிடந்த பத்திரிகையைப் புரட்டிவிட்டு, “எதுகையும் இல்ல, மோனையும் இல்ல, இதுக்குப் பேரு கவிதையாவே? இதவிட எனக்க எஸ்டிமேட்டு கொள்ளாம்” என்று சொல்லிச் சிரிப்பார். அவ்வளவுதான்.

1955 புரட்டாசியில் அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. நெடுவரம்புக்குளத்து மறுகாலை அகலப்படுத்த வேண்டுமா, இருப்பதே போதுமா என்று பார்த்து எழுத வேண்டும். இருக்கிற மறுகால், பலகைகளை உருவிவிட்டால், எட்டு அங்குலம் வரைக்கும் ஒரே மழையைத் தாங்கும். அதற்கு மேற்பட்ட ஒரே மழை எப்போதாவது பெய்திருக்கிறதா?

ஊர் தர்ம ஆஸ்பத்திரியின் முற்றத்தில் மழைமானி இருந்தது. நிலத்தில் பதித்த ஒரு செம்புக் குழல், உள்ளே ஒரு சீசா. ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஏசுஅடிமை தினமும் காலை எட்டு மணிக்குச் சீசாவிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மழை இல்லாத நாளுக்கு ஒரு கோடு. எட்டு வருடத்துப் பதிவு இருந்தது. நாட்கள் இருந்தன, அங்குலங்கள் இருந்தன. மழைகள்தான் இல்லை. ஒரு மழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. தொடர்ந்து மூன்று நாள் எண்கள் இருந்தால் அது மூன்று மழையா, ஒரு மழையா?

குமாரதாஸ் இதைப் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். மீன் கொண்டுவருகிற சகாயசெல்வி ஆபீஸ் வாசலில் கடவப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “காத்து திரும்பிச்சுன்னா வேற மழை ஐயா. தெக்கன் காத்துக்க மழை ஒண்ணு, வடக்கன் காத்துக்க மழை ஒண்ணு.”

“காத்த நான் எந்தச் சீசால பிடிக்க?”

“அப்பம் சாளை வாங்குங்க. அத எண்ணலாம்.”

சுயம்புவின் மனைவி செல்லத்தாய், புருஷனுடைய விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்க மாதத்துக்கு இரண்டு தடவையாவது வருவாள். அவளிடமும் கேட்டார்.

“எறவாணத்துச் சொட்டு நின்னா மழை நின்னது. சொட்டு நிக்கதுக்கு முன்ன பொறவும் பெய்ஞ்சா அது அதே மழைதான். இதுக்குப் போயி ஒரு ஆபீசா?”

“எறவாணம் சொட்டுச்சுன்னு எழுதி அனுப்பினா என்னைப் பீருமேட்டுக்கு மாத்தி விட்டிருவானுவ தாயே. அங்க சொட்டு நிக்கவே நிக்காது.”

கடைசியில் அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். பதிவில் இடையே ஒரு நாள் கோடு இருந்தால், அதற்கு முன்னே பெய்தது ஒரு மழை, பின்னே பெய்தது வேறொரு மழை. “எங்கியாவது வெட்டித்தானே ஆவணும். எல்லாத்துக்கும் ஒரே கத்தி வச்சு வெட்டினா யாரும் குத்தம் சொல்லமாட்டான்” என்றார். நியாயம்தான். நானும் அவரும் எட்டு வருடத்தையும் அப்படியே வெட்டிப் பிரித்து அடுக்கினோம். எட்டு அங்குலத்தைத் தாண்டிய மழை ஒன்றுகூட வரவில்லை.

உடைப்பு வந்த ஐப்பசிக்கு வந்தபோது அவர் கை சற்று நின்றது. சனிக்கிழமைக்கு நாலரை அங்குலம். மறுநாளுக்குக் கோடு. திங்கட்கிழமைக்கு ஆறு. இரண்டு மழைகள். இரண்டையுமே மறுகால் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை என்றால் பலகைகள் உருவப்படவில்லை என்று பொருள்.

“நான் எழுதல்லவே,” என்றார் அவர், நான் ஒன்றும் கேட்காமலே. “கணக்கு எழுதுது.”

எஞ்சினீயர் திருவனந்தபுரத்திலிருந்து ஐப்பசிக் கடைசியில் சுற்றுப்பயணமாக வந்தார். மறுகால் விஷயத்தையும் காவல்காரர் விசாரணையையும் ஒரே உட்காரலில் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு ஒழிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை முதலே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அதிகாரிகள் வந்து தங்குகிற முசாபரி பங்களாவில்தான் விசாரணை. அங்கே வருகிற பாதையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சப்பாத்து, தாழ்ந்த தரைப்பாலம், உண்டு. ஓடை பெருகினால் தண்ணீர் அதன்மேல் ஏறிவிடும், கார் போக முடியாது. அதனால் டிரைவர் அரைமணிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து கதவோரம் நின்றான்.

சுயம்பு வெளுத்த வேட்டி உடுத்தி, நெற்றியில் நாமம் இட்டு வந்திருந்தார். செல்லத்தாய் பின்னால் நின்றாள். குமாரதாஸ் தன் அறிக்கையைப் படித்தார். படித்து முடித்ததும் எஞ்சினீயர் பேனாவைத் திறந்தார்.

“ஏதாவது சொல்லணுமா?”

“பலகைய நான் எடுத்தேன் ஐயா,” என்றார் சுயம்பு. “கடைசிப் பலகை ஊறிப்போய் வரல்ல. கம்பிப்பாரை வச்சு நெம்பி எடுத்தேன்.”

“யாராவது பார்த்தார்களா?”

“மழையில ஆரு வருவா ஐயா.”

“மழை சனிக்கிழமை காலையோடு விட்டிருக்கிறதே. இங்கே எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலைவரை ஒன்றுமில்லை. அந்த ஒரு நாளில் யாரும் கரைப்பக்கம் வரவில்லையா?”

சுயம்பு ஓவர்சியரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வழிதெரியாத ஊரில் இறக்கிவிடப்பட்டவரைப் போல இருந்தார்.

“மழை விடல்லியே ஐயா,” என்றார்.

“இடையில கொஞ்சம் விட்டுதுன்னு வயக்காரங்க சொல்லியிருக்காங்க,” என்றார் குமாரதாஸ் மெதுவாக.

“சனிக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் தொவச்ச துணி காயப்போட விட்டுது. பொறவு பிடிச்ச பிடி…”

“பதிவில் இல்லை,” என்றார் எஞ்சினீயர். கடுமையாக அல்ல. கையெழுத்துப் போடுகிற இடத்தைத் தேடிக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் செல்லத்தாய் வாயைத் திறந்தாள். “ஊரே குடையும் கொண்டையும் நனைஞ்சு கோயிலுக்குப் போச்சு, புக்குல மழையில்லியாம்! என்ன ஐயா, ஞாயித்துக்கிழமையானா மழைக்கும் லீவா?”

“ஏட்டி, சும்மா இரி,” என்றார் சுயம்பு.

டிரைவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். எஞ்சினீயருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தவர் பாதியில் நிறுத்தினார். பேனாவை மூடினார்.

“இதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைப் பார்,” என்றார் என்னிடம்.

பதிவேட்டில் தேதி மட்டும்தான் அச்சிட்டிருந்தது, கிழமை கிடையாது. உடைப்பு வந்தது திங்கட்கிழமை என்பது ஊருக்கே மறக்காது. அதற்கு முந்திய நாளிலிருந்து ஏழு ஏழாகப் பின்னால் தள்ளினேன். கோடு. அதற்கு முந்தியது, கோடு. புரட்டாசியில் கோடு. ஆனியிலும் ஆடியிலும், முன்னும் பின்னும் அங்குலம் அங்குலமாகப் பெய்திருந்த வாரங்களின் நடுவில், கோடு. முன்பக்கமும் தள்ளினேன். போன வருடம், இந்த வருடம். எல்லாம் கோடு.

“சொல்லு,” என்றார் குமாரதாஸ். அவர் எழுந்து நின்றிருந்தார்.

“இந்த ஊரில் எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மழையே பெய்யவில்லை ஐயா,” என்றேன். திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

ஓட்டின்மேல் அந்த ஞாயிற்றுக்கிழமையின் மழை விழுந்துகொண்டிருந்தது.

“அளக்கிறவரைக் கூப்பிடுங்கள்,” என்றார் எஞ்சினீயர். “அளந்து ஒன்றுமில்லாமல் போட்ட கோடா, அளக்காமல் போட்ட கோடா? அது அவர் வாயிலிருந்து வரவேண்டும். எழுத்திலும் வேண்டும். நான் ஊகத்தை எழுத முடியாது. சப்பாத்தில் தண்ணீர் ஏறுவதற்குள் வந்தால் சரி. இல்லையென்றால் இருக்கிற கணக்கில்தான் எழுதுவேன்.”

குமாரதாஸ் என்னைப் பார்த்தார். “நீயும் சுயம்புகூடப் போவே. இவரு மெரட்டிக் கூட்டிட்டு வந்தாருன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்பிடாது.”

சுயம்பு குடையில்லாமல் இறங்கி நடந்தார். நடையா அது, ஓட்டம். வழக்கமாகச் சுற்றிப் போகிறவர் அன்று நேரே குளத்தங்கரை வழியாகப் போனார். மறுகாலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கரண்டைக் கால் அளவுத் தண்ணீரில் அதைக் கடந்தோம். உருவிக் கரைமேல் அடுக்கியிருந்த பலகைகளை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து அறுப்பின் பண்டிகை ஏலம் நடந்துகொண்டிருந்தது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைக்குலை, தேங்காய், சேனை, கோழி எல்லாம் முன்னால் குவிந்திருந்தன. ஏலம் கூவியவர் ஏசுஅடிமைதான். ஐம்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, நல்ல குரல். அவருக்கு நெடுவரம்புக்குளத்தின் கீழே இரண்டு வயல்கள். உடைப்பு வந்த அன்று மணல்மேட்டின்மேல் நின்று, “குளத்த முறிச்சிட்டானே பாவி” என்று கூவியது இந்தக் குரல்தான். பட்டப்பெயர் அங்கிருந்துதான் கிளம்பியது.

“ஒரு பூசணிக்கா, ஒரு தரம்…” என்றபோது வாசலில் ஈரம் சொட்ட நின்ற சுயம்புவை ஒரு பையன் பார்த்துவிட்டான்.

“குளம்முறிச்சான் ஏலத்துக்கு வந்திருக்காருல!”

“மறுகால் பலகைய ஏலத்துக்குக் கொண்டுவந்திருப்பாரு,” என்று ஒருவர் சொல்ல, பெண்கள் பக்கமும் சிரித்தது.

சுயம்பு படியேறவில்லை. “அண்ணாச்சி, ஒரு காரியம்,” என்றார்.

“ரெண்டு தரம்…” ஏசுஅடிமையின் பார்வை அவர்மேல் விழுந்தது. பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார். “கோயில்ல வந்து என்ன காரியம் ஓய்?”

“ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழமை நீரு மழைய அளக்குவீரா?”

ஏசுஅடிமையின் தலை நிமிர்ந்தது. “ஞாயித்துக்கிழமை நான் ஒரு துரும்பு கிள்ளிப் போடமாட்டேன். எனக்க அப்பன் போடல்ல, நானும் போடல்ல. ஊருக்கே தெரியும்.”

“ஏலம் கூவலாமா?”

“இது கர்த்தருக்க காரியம். அது சர்க்காருக்க காரியம்.”

“செரி. அப்பம் புக்குல கோடு?”

“அளக்கல்லன்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமைத் தண்ணி எங்க போவும்? சீசாலதானே கெடக்கும். திங்கக்கிழமை காலத்த ரெண்டு நாளுக்கும் சேத்து அளந்து எழுதுவேன். ஒரு சொட்டு களவு போனதில்ல. மாசக் கணக்குச் செரியா இருக்கும். எத்தன வருசமா ஆரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல.”

“மழையில்லன்னு படிச்சிட்டாவ அண்ணாச்சி. உடைப்பு வந்த அன்னைக்கு நீரு போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மழை, இந்தப் பக்கம் ஒரு மழையாம். ரெண்டும் சின்ன மழையாம். அதுனால பலகைய நான் எடுக்கல்லியாம்.”

ஏசுஅடிமை என்னைப் பார்த்தார், இது உண்மையா என்பதுபோல். நான் தலையசைத்தேன்.

“எஞ்சினீயர் பங்களாவுல இருக்காரு,” என்றார் சுயம்பு. “சப்பாத்து முங்குனா போயிருவாரு. நீரு வந்து சொன்னாத்தான் உண்டு.”

உள்ளேயிருந்து ஒரு குரல்: “அண்ணாச்சி, பூசணிக்கா ரெண்டு தரத்துல நிக்கி!”

ஏசுஅடிமை திரும்பவில்லை. மழை அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் புள்ளிகளாக விழுந்து, புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்தன. பிறகு கத்தாமல், தன்னிடமே சொல்வதுபோல், “மூணு தரம்னு சொல்லிக் குடுங்க,” என்றார். குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

மறுகாலுக்கு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. முதலில் இறங்கிய ஏசுஅடிமை நடுவில் நின்றுவிட்டார். நேரமில்லை. பங்களாவின் பக்கம் காரை முறுக்கிக் கிளப்புகிற சத்தம் கேட்டது.

“வாரும் அண்ணாச்சி,” என்றார் சுயம்பு.

“அன்னைக்கும் இதுல எறங்கித்தான் கோயிலுக்குப் போனேன்,” என்றார் ஏசுஅடிமை. “வேட்டிய இடுப்பு வரைக்கும் தூக்கிட்டு. தம்பிக்க பிள்ளைக்கு ஞானஸ்நானம். பிரசங்கம் ஒண்ணும் கேக்கல்ல, ஓட்டுமேல அப்பிடி மழை. திரும்பி வரும்போ கயித்தப் பிடிச்சுக் கடந்தோம்.” அவர் தண்ணீரையே பார்த்தார். “பலகை இருந்தா இதுல எறங்கிக் கடக்க முடியுமா? பலகைக்க மேல தவ்வித்தானே போவணும்.”

மூன்று வருடமாகச் சுயம்பு தேடிய சாட்சி, அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதராக, அவர் முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றது.

பங்களாவில் கார் வாசலில் நின்றது. எஞ்சினீயர் தொப்பி வைத்திருந்தார். “சீக்கிரம்,” என்றார்.

ஏசுஅடிமை எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொட்டும் களவு போகவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

“மாதக் கணக்குக்கு அது போதும்,” என்றார் எஞ்சினீயர். “இந்தக் கணக்குக்குப் போதாது. ஒன்று மட்டும் சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுகால் ஓடிக்கொண்டிருந்ததா?”

“இடுப்பளவு ஓடிச்சு. சனிக்கிழமையும் ஓடிச்சு. பகல்ல மழை கொஞ்சம் விட்டப்பவும் மறுகால் நிக்கல்ல.”

எஞ்சினீயர் குமாரதாஸிடம் திரும்பினார். “முதலில் பெய்த தண்ணீரைக் குளம் வடித்து முடிக்கவில்லை. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. வானத்துக்கு அது எத்தனை மழையோ, குளத்துக்கு ஒன்றுதான். நாலரையும் ஆறும் பத்தரை. இந்த மறுகால் தாங்காது.” பிறகு ஏசுஅடிமையிடம், “எழுதிக் கையெழுத்துப் போடும்.”

“நாளைக்குக் காலத்த போட்டுத் தாறேன் ஐயா.”

“ஏன்?”

“இன்னைக்கு ஓய்வுநாளு.”

“நாளைக்கு நான் இங்கே இல்லை. ஃபைலும் இல்லை.”

டிரைவர் ஓடிவந்தான். “சப்பாத்துமேல தண்ணி தொட்டாச்சு சார்.”

குமாரதாஸ் காகிதத்தில் நாலு வரி எழுதி நீட்டினார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். “அட்டெண்டரே, இதையும் தெரிஞ்சுக்கிடும். தினமும் எட்டு மணிக்கு அளந்ததாட்டு நீரு எல்லா நாளுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கீரு. ஞாயித்துக்கிழமைக்கும் போட்டிருக்கீரு. இதுல போட்டா அது பொய்யின்னு நீரே எழுதிக் குடுத்ததா ஆவும். மேல என்ன நடவடிக்கை வரும்னு நான் சொல்ல முடியாது.”

பேனா மேசைமேல் இருந்தது. செல்லத்தாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏசுஅடிமை பேனாவைப் பார்க்கவில்லை, சுயம்புவைப் பார்த்தார்.

“ஓய், ஒமக்கு அந்தப் பேரை ஆரு வச்சான்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எனக்க முன்ன வந்து நின்னீரு?”

“வேற ஆருகிட்டப் போவ?” என்றார் சுயம்பு.

ஏசுஅடிமை கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த கை மறுபடி நனைந்தது, சட்டையெல்லாம் ஈரம். குனிந்து, எழுத்துக் கூட்டி எழுதுகிறவரைப்போல மெதுவாக, தன் முழுப்பெயரையும் எழுதினார். எஞ்சினீயர் அறிக்கையில் ‘இரண்டு மழைகள்’ என்றிருந்ததை அடித்து, மேலே ‘ஒன்று’ என்று எழுதினார். ‘காவல்காரர்மேல் குற்றமில்லை’ என்று கீழே ஒரு வரி. கார் சப்பாத்தைக் கடக்கும்போது தண்ணீர் சக்கரத்தில் பாதி ஏறியிருந்ததைப் படியில் நின்று பார்த்தோம். கடந்துவிட்டது.

செல்லத்தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். குமாரதாஸ் எட்டு வருடத்து அடுக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, “எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணும்வே,” என்றார். “ஞாயித்துக்கிழமை நடுவுல வந்த ஒவ்வொரு மழையையும் நாம ரெண்டா வெட்டி வச்சிருக்கோம். ஒரே கத்தின்னு சொன்னேன் பாரு. கத்தி எனக்கதில்ல, கோயிலுக்கது.”

சுயம்புவுக்கு வேலை திரும்பக் கிடைக்க அடுத்த சித்திரை ஆயிற்று. மறுகாலை அகலப்படுத்தும் வேலை அதற்கும் பின்னால்தான் தொடங்கியது. ஏசுஅடிமையிடம் விளக்கம் கேட்டு எழுதினார்கள். கண்டித்து எழுதியதோடு விட்டார்கள். ஓய்வுநாளில் சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதற்குச் சபையில் இரண்டொருவர் கேள்வி கேட்டார்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. கடைக்காரனின் மகள் மட்டும் இன்னும் குளம்முறிச்சான் என்றே கூப்பிட்டாள். சுயம்பு இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. அவள் வேறு பெயர் கற்றுக்கொள்கிறவரை காத்திருந்தார்.

ஆனால் அன்று பகல், பங்களாவிலிருந்து இறங்கியதும் ஏசுஅடிமை கோயிலுக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்துக்கு நடந்தார். சுயம்பு அவர் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். என் வழியும் அதுதான்.

“என்ன அண்ணாச்சி, இங்க?”

“கையெழுத்துப் போட்டாச்சு. ஓய்வுநாளு முறிஞ்சது முறிஞ்சதுதான். அளந்துட்டே போறேன். எட்டு மணி தாண்டியாச்சு, தாண்டினா தாண்டினதுன்னு எழுதுவேன்.”

அவர் குனிந்து செம்புக் குழலின் மேலிருந்த புனலைத் திருகிக் கழற்றினார். முந்திய நாள் காலையிலிருந்து சேர்ந்த தண்ணீர் சீசா நிறைய இருந்தது. குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, உதட்டை அசைத்து, எண்ணைச் சொல்லிக்கொண்டார். சீசாவைக் கவிழ்த்து உதறித் திரும்ப உள்ளே வைத்துப் புனலை மாட்டினார். சுயம்பு அவர் நனையாமலிருக்க ஓர் அடி முன்னால் நகர்ந்து குடையை நன்றாகக் கவித்துப் பிடித்தார்.

ஏசுஅடிமை நிமிர்ந்து பார்த்தார். குடை, மழைமானியின் வாய்க்கு நேர்மேலே இருந்தது.

“குடையத் தள்ளிப் பிடியும் ஓய்,” என்றார். “இல்லன்னா இந்த மழையும் கணக்குல வராது.”

சுயம்பு தள்ளிப் பிடித்தார். இப்போது குடை அவர் தலைமேலும் இல்லை, இவர் தலைமேலும் இல்லை.